கூடுதல் எடை

வீட்டில் எடை பார்த்தபோது பதினொரு கிலோ இருந்த நீலப் பெட்டி, ரயில் நிலையத்தின் சாமான் கவுண்டரில் நாற்பத்தொரு கிலோ காட்டியது.

எடை போடுகிறவர் இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். பெட்டியை இறக்கினார். சைபர் வந்ததும் மறுபடி ஏற்றினார். நாற்பத்தொன்று. அதற்கு முன்னால் வைத்த இரண்டு பெட்டிகளும் ஒழுங்காகத்தான் காட்டியிருந்தன.

"என்னம்மா, உள்ள ஆளை வச்சுக் கட்டிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவர் சீட்டை ஒட்டினார். தன் கவுண்டரில் தகராறு வேண்டாம் என்று விட்டுவிடுவதாகவும், எல்லையில் சுங்கக்காரர்கள் விடமாட்டார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

குட்டி சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டியை முந்தின நாள் தன் கையால் அடுக்கியவள் அவள்தான். அம்மாவின் ஆறு உடைகள், ஒரு கம்பளிச் சால்வை, ஒரு ஜோடி செருப்பு, மூக்குக் கண்ணாடி. வேறு எதுவும் இல்லை.

அம்மா இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. அக்கா தங்கை இரண்டு பேர்தான். அம்மா பெரியவளைப் 'பெரியவளே' என்றுதான் கூப்பிடுவாள்; ஏதோ அலுவலகத்தில் பதவியைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல. சின்னவள் மட்டும் குட்டி. நாற்பது வயதாகி, எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கி, பல் மருத்துவராகப் பேர் எடுத்த பிறகும் குட்டி. அம்மா படுக்கையில் விழுந்த பதினொரு வருஷமும் தூக்கி உட்கார வைத்தது, துடைத்தது, மலம் அள்ளியது எல்லாம் பெரியவள். குட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வருவாள். அந்த அரை மணி நேரத்துக்கு அம்மாவின் முகத்தில் ஒரு விளக்கு ஏறும். போனை வைத்ததும் அணைந்துவிடும். அணைந்த முகம்தான் பெரியவளின் பங்கு.

சாவு வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த குட்டியைத்தான் வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். பெரியவளிடம் காபி கேட்டார்கள்.

நீலப் பெட்டி, குட்டியின் வீட்டுக்குப் போவதற்கென்று அம்மா வாங்கியது. நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் வாங்கி, உடை அடுக்கி, கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். பாஸ்போர்ட் வந்ததும் கிளம்புவதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். பாஸ்போர்ட் வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் பெரியவள். அலமாரியின் அடித்தட்டில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே அதை வைத்துவிட்டு, இன்னும் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாள். மறு மாதமும் சொன்னாள். மூன்று வருஷம் சொன்னாள். அதற்குள் அம்மாவின் கால்கள் போயின. பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில் தயாராக இருந்தது.

அதைத்தான், காரியம் முடிந்ததும் குட்டி கேட்டாள். "அம்மா என்கிட்ட வர்றதுக்குன்னு வாங்கினதுக்கா. அதையாவது கொண்டுபோறேனே." பத்துப் பேர் முன்னால் கேட்டதற்கு எப்படி இல்லை என்பது? சாமான் அதிகமாக இருந்ததால் எல்லை நிலையம் வரைக்கும் கூட வந்து வழியனுப்பிவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்புவதாகப் பெரியவளும் கிளம்பினாள்.

ரயிலில் ஏற்றும்போது பெட்டியைப் பெரியவள் இரு கையாலும் தூக்கினாள். நாற்பத்தொன்றில் பதினொன்று போனால் முப்பது. அந்தக் கணக்கை மனசு போடுவதற்கு முன்பே கைகள் போட்டுவிட்டன. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு, பதினொரு வருஷம் தூக்கிய கனம். தூக்கும்போது ஒரு பக்கமாகத் தலை சரியும் கனம். பெட்டிக்குள் ஏதோ ஒன்று அதேபோல் ஒரு பக்கமாகச் சரிந்தது.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். உள்ளங்கையை உடையில் துடைத்துக்கொண்டாள். தூக்கமில்லாத பதினேழு நாள், என்று சொல்லிக்கொண்டாள்.

மேல்தட்டில் ஏற்ற முடியாததால் பெட்டியைத் தன் காலருகே நிறுத்திவைத்தாள். எதிர் இருக்கையில் ஜன்னலோரம் குட்டி. வெளியே மழை பிடித்திருந்தது. பகல் பதினொரு மணிக்கே ரயிலுக்குள் வெளிச்சம் மங்கி, ஜன்னல் கண்ணாடியில் நீர்க்கோடுகள் சாய்வாக ஓடின. தண்டவாளத்தின் தாளத்துக்கு நடுவே இன்னொரு சத்தம், துணியைத் துணி உரசுகிற மெல்லிய சத்தம், நின்று நின்று கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது பெட்டி குட்டியின் முழங்காலை ஒட்டி நின்றுகொண்டிருந்தது.

சக்கரம் வைத்த பெட்டி. ரயில் ஆடினால் உருளத்தான் செய்யும். இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். கால் மணி நேரத்தில் மறுபடி அது குட்டியிடம் போயிருந்தது. இந்த முறை இழுத்து, தரையில் படுக்கவைத்து, அதன்மேல் செருப்பைக் கழற்றிய பாதத்தை அழுத்தி வைத்தாள். பெட்டியின் துணி வெதுவெதுப்பாக இருந்தது.

"அக்கா," என்றாள் குட்டி, கண்ணை மூடியபடி. "அம்மா குளிச்சுட்டு வந்தா வருமே, அந்த சோப்பு வாசனை. உனக்கு வருதா?"

பெரியவளுக்கு வேறு வாசனைதான் வந்தது. புண்ணுக்குப் போடும் களிம்பு, நனைந்த மெத்தை, திறக்காத ஜன்னல். காலையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. ஒரே பெட்டி. அவளுக்குச் சோப்பு, இவளுக்கு மூத்திரம். பயப்பட வேண்டிய இடத்தில் அவளுக்கு வயிறுதான் எரிந்தது. பாதத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். பாதத்துக்கு அடியில் ஏதோ மெதுவாக விலகிக்கொண்டது.

எல்லை நிலையத்தில் எல்லோரையும் சாமானோடு இறக்கினார்கள். சுங்க மண்டபம் நீளமாக, ஓடு பதித்த சுவரோடு, ஈரக் குடைகளின் வாடையோடு இருந்தது. வரிசை ஊர்ந்தது. ஒவ்வொரு பெட்டியும் கறுப்பு ரப்பர் திரைக்குள் போய், ஊடுகதிரில் காட்டப்பட்டு, மறுபக்கம் வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடி போட்ட அதிகாரி, கொட்டாவியை அடக்கியபடி கையை அசைத்து அசைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

குட்டியின் இரண்டு பெட்டிகள் போயின. நீலப் பெட்டி உள்ளே போனது.

அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது.

அவர் பெட்டிகளை நகர்த்தும் பட்டையை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்து மேஜையிலிருந்த மேலதிகாரி அம்மாளை மெதுவாகக் கூப்பிட்டார். குட்டி படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பெரியவள் எட்டிப் பார்த்தாள்.

பச்சையும் ஆரஞ்சுமாகக் கலங்கிய திரையில் செருப்பின் வார் தெரிந்தது. மூக்குக் கண்ணாடி தெரிந்தது. அவற்றைச் சுற்றி, முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்து, முதுகெலும்பை வளைத்து, ஓர் ஆள். கடைசி மாதங்களில் சுவர்ப் பக்கம் திரும்பி அம்மா படுத்திருந்த படுக்கை அப்படியே.

மேலதிகாரி அம்மாள் பெட்டியை மேஜைக்கு எடுத்துவரச் சொல்லி ஜிப்பைத் திறந்தாள். உடைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். ஆறு. சால்வை. செருப்பு. கண்ணாடி. அடியில் விரலால் தட்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் திரும்ப வைத்து, தானே பெட்டியைத் தூக்கப் போனவள், கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்தாள். இன்னொரு முறை இயந்திரத்தில் விடச் சொன்னாள்.

இந்த முறை மண்டை ஓடு திரும்பியிருந்தது. குட்டி நின்ற பக்கமாக.

அதிகாரி பார்வையைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்டார். மெஷின் ரெண்டு நாளா சரியில்லை மேடம், என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. மேலதிகாரி அம்மாள் குட்டியிடம் எடையை மட்டுமே பேசினாள். அனுமதிக்கு மேல் இருக்கிறது, இந்தப் பெட்டி எல்லை தாண்ட முடியாது. வழியனுப்ப வந்தவர் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் திரும்ப எடுத்துப் போகலாம். இல்லையென்றால் இங்கேயே கிடங்கில் வைக்க வேண்டும். சொல்லும்போது பெட்டியிலிருந்து ஓர் அடி தள்ளியே நின்றாள்.

குட்டியின் கண் நிறைந்தது. "எப்படிக்கா விட்டுட்டுப் போறது? பாஸ்போர்ட் வந்துடும், வந்துடும்னு எத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தா. இதாவது வரட்டுமே."

கிடங்கில் விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். பெரியவளுக்கு அது தெரியும். ஆனால் திரையில் திரும்பியிருந்த அந்தத் தலைதான் கண்ணுக்குள் நின்றது. செத்தும்கூடக் குட்டி பக்கம்தான். பதினேழு நாள் கழித்து, எலும்பாக மடங்கி, பெட்டிக்குள் ஒளிந்தாவது போகவேண்டியது அவளிடம்தான்.

"என்கிட்ட இருக்கட்டும்டி," என்றாள் தங்கையிடம், பேனாவை எடுத்தபடி. "அப்புறமா அனுப்பி வைக்கிறேன்."

உரிமையாளர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். எழுத்து ஆடவில்லை.

குட்டி கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் போய் ரயில் ஏறினாள். ஜன்னலில் அவள் கை அசைந்தபோது, பெரியவளின் பிடியிலிருந்த பெட்டி வேலிப் பக்கம் ஒரு சாண் நகர்ந்தது. இழுத்துப் பிடித்தாள். ரயில் ஊதியது. பெட்டி முன்னைவிட வேகமாக இழுத்தது. கைப்பிடி விரல்களை அறுத்தது. அவள் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். முழு எடையோடு. ரயிலின் கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை உட்கார்ந்திருந்தாள். அடியில் ஏதோ முட்டி முட்டி ஓய்ந்தது.

திரும்பும் ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. காத்திருப்பு அறையில் வேறு யாரும் இல்லை. மழை விட்டு, நாலு மணி வெயில் கம்பி ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே படுக்கவைத்தாள்.

"வீட்டுக்குப் போலாம்மா," என்றாள்.

உள்ளே நகம் துணியைக் கீறியது. ஒரு முறை. கொஞ்சம் தள்ளி இன்னொரு முறை. பிறகு ஜிப் நகர்ந்தது.

ஒரு பல். இன்னொரு பல். விரல் நுழையும் அளவு. கை நுழையும் அளவு.

வெளியே வந்த கையின் மேற்புறத்தில் ஊசி குத்திய தழும்பு கறுத்திருந்தது. அது அவள் முழங்காலைத் தொட்டது. ஏறியது. மணிக்கட்டுக்குப் பின்னால் முழங்கை, முழங்கைக்குப் பின்னால் இருட்டு. குளிர்ந்த விரல்கள் அவள் தாடையைத் தடவின. கன்னத்தை, மூக்கை, கண்ணுக்குக் கீழே தொங்கிய தோலை. அவள் மூச்சுவிடவில்லை. அசையவில்லை.

விரல்கள் நின்றன.

நின்று, யோசித்து, அவள் முகத்தைவிட்டு எடுத்துக்கொண்டன. கை பின்வாங்கியது. உள்ளே போனது. ஜிப் மறுபடி மூடத் தொடங்கியது.

ஒரு பல். இன்னொரு பல்.

எழுந்து ஓட வேண்டும் என்றுதான் உடம்பு சொன்னது. கதவு திறந்துதான் இருந்தது. பிளாட்பாரத்தில் வெயில். அவள் எழவில்லை. பதினொரு வருஷம். பதினொரு வருஷம் தூக்கியவளுடைய முகம், தடவிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிற முகம்.

அவள் குனிந்தாள். மூடிக்கொண்டிருந்த ஜிப்பின் அருகே வாயை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் கேட்டுக் கேட்டு வெறுத்த குரல் அவளுக்கு மனப்பாடம். தொண்டையை ஒடுக்கி, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, கூப்பிட்டாள்.

"அம்மா... நான்தாம்மா. குட்டி."

மின்விசிறி முனகியது.

ஜிப் நின்றது. பிறகு ஒரே இழுப்பில், மூன்று பக்கமும் திறந்தது.

இரண்டு கைகள் வந்தன. அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. வெகுநாள் கழித்து வந்தவளைக் கட்டிக்கொள்கிற கட்டு. யாரும் அவளை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. கன்னத்தில் கன்னம் பதிந்தது. ஈரமாக இருந்தது.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்மா."

கைகள் இறுகின. இழுத்தன. தலை உள்ளே போனது. தோள் போனது. ஒரு தோள் போக இடமில்லாத பெட்டிக்குள் இரண்டு தோளும் போயின. உள்ளே துணி இல்லை. அடி இல்லை. மடங்கிய முழங்கால்கள் அவள் நெஞ்சை இடித்தன. குட்டி, குட்டி, குட்டி, என்று காதுக்குள்ளேயே அந்த வாய் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் 'ம்' கொட்டினாள்.

பாதங்கள் தரையை விட்டன. அவள் முதுகுக்குப் பின்னால், கீழிருந்து மேலாக, ஜிப் மூடத் தொடங்கியது.