அச்சு காட்டிய எண்

"கிளட்சைத் தளர்த்திட்டுத் தொலைநோக்கியைக் கையால தள்ளினா மோட்டாருக்குத் தெரியவே தெரியாது, ஹிமேனா. பழைய இடத்துலயே நிக்கிறோம்னு சத்தியம் பண்ணும்," என்றான் அவள் கணவன் நிபால்டோ ஒருமுறை.

"உன்னை மாதிரியே வீம்பு."

"அதுக்குத்தான்டி அச்சுல தனியா ஒரு எண்ணி, எவ்வளவு திரும்புதுன்னு எண்ண. யார் தொட்டாலும் காட்டிக் குடுத்துடும்."

அவள் சிரித்தாள். கேட்க நினைத்தது வேறு. இந்த மலை எனக்கு வேண்டாம், கீழே போக விடு என்ற ஒரு வரி, ஆறு வருடமாக நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தது. கேட்பதற்குள், மார்ச் மாதத்தில், வானாய்வகக் குவிமாடத்தின் ஏணியிலிருந்து விழுந்து அவன் போய்விட்டான்.

இன்று ஹிமேனாவுக்கு ஏழாம் மாதம். கீழே லா செரேனா நகரத்தில் அம்மா காத்திருக்கிறாள். பெட்டி தயார். கடைசி வேலையாகத் தொலைநோக்கியை நிறுத்தி, அச்சுகளைப் பூட்டினாள். கட்டுப்பாட்டு அறைத் திரையில் இரண்டு எண்கள் வரிசையாக நின்றன. மோட்டாரின் எண் அசையவில்லை. அச்சின் எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடியிருந்தது.

தொலைபேசி ஒலித்தது. ஜீப் ஓட்டும் ஒர்லாண்டோ. "மூடுபனி கண்ணை மறைக்குது தாயி. கழுதைகூட இதுல நடக்காது. அரைமணி நேரம் பொறுத்துக்கோ."

"சீக்கிரம் வாங்க அண்ணே."

எண் மறுபடி கூடியது. அவசர நிறுத்தத்தை அழுத்தினாள். மின்சாரம் அறுந்து, மோட்டார்களின் மெல்லிய ரீங்காரம் அடங்கி, தகரக் கூரையில் பனி சொட்டுவது மட்டும் கேட்ட அந்த அமைதிக்குள், கிரீஸ் வாசனையோடு கலந்து, நிபால்டோவின் கம்பளி மேலாடை நனைந்தால் வரும் வாசனை கதவிடுக்கு வழியாக மெதுவாக வந்தது. மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்தாள். மோட்டார் பழைய எண்ணையே சொன்னது. அச்சின் எண் நாற்பது பாகை தள்ளி நின்றது.

கண்ணாடிக்கு அப்பால் குவிமாடத்துக்குள் யாருமில்லை. வெளியே போகும் வழி அதற்குள்தான்.

தொலைநோக்கியின் குழாய் வானத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. தொடுவானத்துக்குக் கீழே. ஒரு தொலைநோக்கியும் பார்க்காத பக்கம்.

அதன் வாய் அவளுக்கு நேராக வந்து நின்றது.

கதவை நோக்கி ஓரடி வைத்தாள். எண் ஓடியது. குழாய் திரும்பியது.

பின்வாங்கினாள். அதுவும் வந்தது.

வயிற்றைப் பொத்திக்கொண்டு அசையாமல் நின்றாள். உள்ளே குழந்தை இடப்பக்கமாகப் புரண்டது.

குழாய் ஒரு இழை இடப்பக்கம் நகர்ந்தது. தாழ்ந்தது. அவள் வயிற்றுக்கு நேராக.

அவளுக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த கண்ணாடியில், மறுபக்கத்திலிருந்து, ஒரு மூச்சளவு வெண்மை படர்ந்தது.

"விடு, நிபால்," என்றாள் ஹிமேனா. "எங்களைக் கீழே போக விடு."