சுவரைத் தேடும் சைக்கிள்

சாயங்காலக் காற்று கிளம்பியதும் அது மறுபடியும் ஆரம்பித்தது.

"ஊஊஊ..."

சத்தம் பின்கதவை ஒட்டிய நடையிலிருந்து வந்தது. அங்கே அண்ணனின் சைக்கிளைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அண்ணன் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டான். அரை மணி நேரமாக ஒரே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தான்.

அவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போவதால் தங்கைக்கு வீட்டில் வாலு என்று பெயர். வாலு அவனையே பார்த்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு நாய்க்குட்டி குறுக்கே வந்தது. அண்ணன் சட்டென்று ஹேண்டிலைத் திருப்பித் தெருவோரச் சுவரில் மோதினான். நாய்க்குட்டி தப்பியது. அண்ணனுக்கு முழங்கையில் ஆறு தையல். சைக்கிள் ஃபிரேமின் கீழ்க்குழாய் முறிந்துவிட்டது. வெல்டிங் கடை அக்கா அதை ஒட்டவைத்துப் பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்துதான் இந்த ஊளை.

"ஊளை மட்டும் இல்லடி," என்றான் அண்ணன் மெதுவாக. "ஓட்டினா என்னை அந்தச் சுவருக்கே இழுத்துட்டுப் போகுது. அம்மாகிட்ட சொல்லாதே."

அம்மாவோ, "ஓட்டாத வண்டி எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு? நாளைக்கு இரும்புக்காரர் வருவார், போட்டுடறேன்," என்று சொல்லிவிட்டார். வாலுவுக்கு மனசே ஆறவில்லை. அந்த சைக்கிளின் பின்சீட் அவளுடைய இடம். அண்ணன் சிரிப்பதெல்லாம் அதில் போகும்போதுதான்.

அவள் எழுந்து நடைக்குப் போனாள். இருட்டிக்கொண்டு வந்தது.  ஆனாலும் ஃபிரேமின் மேல் கையை வைத்தாள்.

இரும்பு நடுங்கியது.

வாலுவும் நடுங்கினாள். கையை மட்டும் எடுக்கவில்லை. கீழ்க்குழாயின் அடியில் தடவிக்கொண்டே போனபோது விரல் எதிலோ பட்டது. ஊளை நின்றது. விரலை எடுத்தாள். "ஊஊ..." மறுபடி வைத்தாள். கப்சிப்.

"அண்ணா, இங்கே ஒரு குட்டி ஓட்டை. காத்துதான் ஊதுது."

அண்ணன் எட்டிப் பார்த்தான். "ஊளை சரி. சுவர்?"

சைக்கிளைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சுவரில் அன்று மோதிய கீறல் இன்னும் இருந்தது. வாலு ஹேண்டிலைத் தொடாமல் சீட்டை மட்டும் பிடித்துத் தள்ளினாள். சுவர் நெருங்கியது. யாரோ பிடித்துத் திருப்பியதுபோல ஹேண்டில் மெல்ல இடது பக்கம், சுவரைப் பார்த்துத் திரும்பியது.

"பார்த்தியா? வா, போயிடலாம்," என்றான் அண்ணன்.

 வாலுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"இரு. திரும்பி வரும்போது சுவர் நமக்கு வலது பக்கம்தானே இருக்கும்? சுவர் கூப்பிட்டா வலது பக்கம்தானே போகணும்?"

தெருவின் அந்தக் கோடிக்குப் போய்த் திருப்பித் தள்ளினார்கள். சுவர் வந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஹேண்டில் திரும்பியது. இடது பக்கம்தான். எதிர்வீட்டுப் பூந்தொட்டியைப் பார்த்து.

"பூந்தொட்டியுமா கூப்பிடுது?" என்றாள் வாலு.

இரண்டு வாரத்தில் முதல்முறையாக அண்ணன் சிரித்தான்.

அப்படியே வெல்டிங் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஃபிரேம் கோணல் என்றதை அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "என் கண்ணு தப்பாது. நேராத்தான் இருந்துச்சு."

வாலு தள்ளிப் பார்த்த கதையைச் சொன்னதும் அக்கா ஒரு நூலை எடுத்தாள். பின்சக்கரத்தின் ஒரு பக்கம் நூலைக் கட்டி, ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேமின் முன்பக்கத்தைச் சுற்றி, மறுபக்கம் கொண்டுவந்து இழுத்துக் கட்டினாள். சீட்டைத் தாங்கும் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே ஒரு பக்கம் இரண்டு விரல் போனது. மறுபக்கம் ஒரு விரல்தான்.

"கோணலாத்தான் ஒட்டியிருக்கேன். கண்ணை நம்பி நூலை விட்டுட்டேன். என் தப்புதான்," என்றாள் அக்கா. ஃபிரேமின் முன்பக்கத்தில் ஒரு நீளக் குழாயைச் செருகி, அவளும் அண்ணனும் சேர்ந்து அழுத்தினார்கள். ஃபிரேம் முனகிக்கொண்டே வளைந்தது. மறுபடி நூல் கட்டினாள். இரண்டு பக்கமும் ஒன்றரை விரல்.

"ஒட்டும்போது உள்ளே சூடாகிற காத்து வெளியே போகத்தான் அந்த ஓட்டை போட்டேன். அடைக்க மறந்துட்டேன். கொடு, அடைச்சுடறேன்."

"வேண்டாம் அக்கா, இருக்கட்டும்," என்றான் அண்ணன். வாலு அவனை அதிசயமாகப் பார்த்தாள்.

"மழைத்தண்ணி இறங்கினா துருப்பிடிக்கும்டா."

"மழை வந்தா மெழுகு வெச்சுக்கறேன்."

மறுநாள் காலை இரும்புக்காரருக்கு ஓர் ஓட்டை வாளி மட்டும்தான் கிடைத்தது. வாலு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். சுவர் நெருங்கியதும் கண்ணை இறுக மூடி அண்ணனின் சட்டையைப் பிடித்தாள். சைக்கிள் கோடு போட்டதுபோல நேராக ஓடியது. வேகம் கூடியதும் ஊளை எழுந்தது.

"ஊஊஊ..."

வாலு கண்ணைத் திறந்தாள். சுவருக்குப் பக்கத்தில் நடுத்தெருவில் படுத்திருந்த அந்த நாய்க்குட்டி காதை நிமிர்த்தியது. சைக்கிள் வருவதற்கு முன்பே எழுந்து, சோம்பல் முறித்து, ஓரமாக நகர்ந்து படுத்துக்கொண்டது.