ஏ தெருவில் ஓ இரத்தம்

காலை ஆறரைக்குச் சுவரிலிருந்த உணவுப்பொறி மணியடித்து இரண்டு பச்சை டப்பாக்களை வெளியே தள்ளியது. ஜெபக்கனி ஒன்றைத் திறந்து பார்த்தாள். அவித்த பாசிப்பயறு, கீரை, ஒரு கை கேழ்வரகுப் புட்டு. தூத்துக்குடியின் ஏ தெருக்கள் எல்லாவற்றிலும் அந்த நேரத்தில் இதே டப்பாதான். நான்கு தெரு தள்ளி, ஓ இரத்தக்காரர்களுக்குச் சிவப்பு டப்பாவில் மீனும் கறியும் போகும். திறந்த டப்பாவை அவள் அப்படியே மூடி வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் எடை போட்ட பிறகுதான் யாருக்கும் தொண்டையில் எதுவும் இறங்கும்.

தங்கையா கண்ணாடி முன் நின்று மழித்த தலையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"முடி எவ்வளவு இருக்கும் கனி? அம்பது கிராம் தேறுமா?"

"உங்க தலையில இருந்ததுக்கா? பத்து தேறுனா பெருசு."

சொன்னாளே தவிர, இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

சட்டம் எளிதானது. இலக்கு எடையைத் தொடும்வரை ஒவ்வொருவரும் வாரம் நூறு கிராமாவது இறங்க வேண்டும். இரத்த வகைக்கு உரிய உணவைத் தின்றால் உடம்பு இறங்கியே தீரும். இறங்கவில்லை என்றால் அந்த ஆள் வேறு வகைச் சோற்றைத் திருடித் தின்றிருக்கிறார். அதற்குப் பெயர் கள்ளத்தீனி. தொடர்ந்து மூன்று வெள்ளி எண் அசையாவிட்டால், எடைமேடையிலிருந்தே வண்டியில் ஏற்றிச் சீர்நிலையத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வந்ததில்லை. தங்கையா இரண்டு வெள்ளியாக எழுபத்தொன்றிலேயே நின்றான். இது மூன்றாவது.

அவன் திருடித் தின்னவில்லை என்பது ஜெபக்கனிக்குத் தெரியும். அவள் பயந்தது வேறொன்றுக்கு. தங்கையாவின் இரத்தம் ஏ அல்ல, ஓ.

கைக்குழந்தையின் கஞ்சியைத் தவிர, ஒரு வீட்டுக்கு ஒரு நிற டப்பாதான் வரும். ஆகவே கல்யாணத்துக்கு முதலில் பார்ப்பது குருதிப் பொருத்தம். அந்தச் சீட்டைப் பார்க்காமல் எந்தப் பாஸ்டரும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கமாட்டார். மூன்று வருஷத்துக்கு முன் இரத்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜெபக்கனி, ஆசைப்பட்டவனைக் கட்டுவதற்காகத் தன் கையாலேயே அவன் சீட்டில் ஏ என்று பதிந்தாள். அன்றிலிருந்து மீனை மறந்து அவன் பயறு தின்கிறான். தப்பான சோறு மூன்று வருஷமாக உடம்புக்குள் தேங்கி இப்போது பழிவாங்குகிறது என்றே அவள் நம்பினாள்.

எடைமேடையைச் சுற்றித் தெருவே நின்றது. தங்கையா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். மேலே திரையில் எண் எரிந்தது: எழுபத்தொன்று. வண்டியின் பின்கதவு தானாகத் திறந்துகொண்டது.

"மேடம்! இவுக ரத்தத்துல ஒரு தப்பு இருக்கு மேடம்!" ஜெபக்கனி கத்தியேவிட்டாள்.

கண்காணிப்பாளர் பொன்னரசி கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு இருவரையும் மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

ஜெபக்கனி எல்லாவற்றையும் கொட்டினாள். "என்னய வேணா வண்டியில ஏத்துங்க மேடம். இவுகளுக்கு அந்தச் செவப்பு டப்பாவ மட்டும் மாத்திக் குடுங்க. தப்பான சோறு ஆளையே கொன்னுரும்."

பொன்னரசி தங்கையாவின் விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். கருவி ஓ என்றது. இன்னொரு விரலில் குத்தினார். மறுபடியும் ஓ. பிறகு அவனுடைய பதிவேட்டைத் திரையில் திறந்து, கல்யாணமான வாரத்திலிருந்து மெல்லக் கீழே தள்ளிக்கொண்டே வந்தார். பாதியில் நிறுத்தி, மறுபடி மேலே போய்ப் பார்த்தார்.

"கல்யாணத்தப்ப எம்பத்தொம்பது. இப்ப எழுவத்தொண்ணு," என்றார். "பதினெட்டுக் கிலோ. எல்லாம் ஏ சோறு தின்னு."

"ஆமா மேடம்," என்றான் தங்கையா.

"பக்கத்து வீட்டு ஏ ஆளுக்கு எறங்குன மாதிரியே எறங்கியிருக்கு." அவர் திரும்பி இருவரையும் பார்த்தார். "அளவாத் தின்னா யாருக்கும் எறங்கும். கொஞ்ச நாள்ல யாருக்கும் நின்னும் போவும். அப்ப ரத்தத்துக்கும் இதுக்கும்..."

கதவுக்கு வெளியே கூட்டம் முணுமுணுப்பது கேட்டது.

"இந்த மேடையிலேருந்து நா ஏத்திவிட்டது நாப்பத்தோரு பேரு," என்றார் பொன்னரசி. "எல்லாவனும் திருடித் தின்னான்னு நெனச்சுத்தான் ஏத்துனேன். கால்ல விழுந்து அழுதாவ. நடிக்காவன்னு நெனச்சேன்."

ஜெபக்கனிக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. பொன்னரசி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையில் எதையோ அடித்தார். திரையில் எழுபத்தொன்று அழிந்து எழுபதரை வந்தது.

"இவரு ஏ. எப்பவும் ஏ. வெளங்குதா? இனி வாராவாரம் அரைக்கிலோ, மெஷினே போட்டுக்கிடும். யாரும் தோண்டிப் பாக்குறதுக்குள்ள சீக்கிரம் முடியட்டும். வாயத் தொறந்தா உங்க ரெண்டு பேரோட சேத்து என்னயும் ஏத்திருவாவ."

"முடியட்டும்னா?" என்று கேட்டான் தங்கையா.

"உம்ம இலக்கு அம்பத்தெட்டு. இருவத்தஞ்சு வாரம். இலக்கத் தொட்டவங்கள மாவட்ட மேடையில ஏத்தி மால போடுவாவ. அந்த மெஷின் என் கையில இல்ல." அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அதுக்குள்ள நீரு நெசமாவே அம்பத்தெட்டா எறங்கியிருக்கணும்."

அவர்கள் வெளியே வந்தபோது திரையில் எழுபதரை பெரிதாக எரிந்தது. "ரத்தம் சரிதான். மேடையில அசைஞ்சு நின்னிருக்காரு, மறுபடி போட்டாச்சு," என்று பொன்னரசி அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. யாரையும் ஏற்றாமலே வண்டியின் கதவு மூடிக்கொண்டது.

வீட்டில் தங்கையா பச்சை டப்பாவைத் திறந்து, கீரையை மட்டும் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மூடினான்.

"தின்னுங்க. நேத்து மத்தியானத்துலேருந்து பட்டினி."

"பதிமூணு கிலோ கனி. பயறு தின்னு எறங்காது. எறங்க வேண்டிய மட்டும் எறங்கி நின்னுபோச்சு. இனி திங்காம இருந்தாத்தான் உண்டு."

அவள் டப்பாவை மறுபடி திறந்து அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் திருப்பித் தள்ளினான். எலும்பு புடைத்த அந்த மணிக்கட்டைப் பார்க்கையில், மாலை வாங்கி வந்த தெருக்காரர்கள் ஒவ்வொருவராக அவள் நினைவில் வந்தார்கள். ஒட்டிய கன்னம், குழிவிழுந்த கண். அவர்களில் எத்தனை பேருக்கு மெஷின் பொய் எண் போட்டது, எத்தனை பேர் அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள்? யாரிடம் போய்க் கேட்பது?

கதவு தட்டும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுச் சலோமி. கைக்குழந்தைக்காரி. இன்று அவளுக்கு இரண்டாவது முறையாக எண் அசையவில்லை. உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிடாதீங்க. என்ன செஞ்சீங்க? எப்பிடி எறங்குச்சு? எனக்கு ஒரே ஒரு வாரந்தான் இருக்கு."

ஜெபக்கனி வாயைத் திறந்தாள். மேசைக்கடியில் தங்கையாவின் கால் அவள் காலை அழுத்தியது. வாயைத் திறந்தால் மூவரும் வண்டியில்தான் என்று பொன்னரசி சொன்னது நினைவுக்கு வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணும் செய்யல தாயி," என்றான் தங்கையா, டப்பாவைப் பார்த்துக்கொண்டே. "வந்தத மட்டும் தின்னேன்."

சலோமி மேசை மேலிருந்த பச்சை டப்பாவைப் பார்த்தாள்.

"நானும் அதைத்தானே தின்னேன்," என்றாள் மெதுவாக. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். "அப்ப தப்பு எங்கிட்டதான் இருக்கு. பிள்ள வாயில ஒட்டுன கஞ்சிய வழிச்சு எப்பவாச்சும் நக்கியிருப்பேன். பிள்ள ஓ ரத்தம்லா. ஆமா, அதாத்தான் இருக்கும்."