உதட்டசைவுக்கு ஒரு குரல்

"அம்மா, கார் வந்துடுச்சு" என்று அறையிலிருந்து அவள் குரல் கொடுத்ததும், சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்: "முதல்ல அந்த டி.வி. சத்தத்தைக் குறைடீ, காது கிழியுது!"

டி.வி. ஓடவில்லை. கூடத்துச் சுவரில் அது கறுப்பாக, துடைத்த துணியின் கோடுகளோடு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு நொடி நின்று அதைப் பார்த்தாள். பெற்ற தாய்க்கே குரல் அடையாளம் தெரியாத அளவுக்கு முன்னேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

ஒரு வகையில் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இரண்டு படங்கள் ஓடியிருந்தன. இரண்டிலும் முகம் அவளுடையது, குரல் வேறொருத்தியுடையது. முதல் படத்தில் வசனம் மறந்துபோய் அவள் திருதிருவென்று விழித்தபோது, டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "உனக்கு எதுக்கும்மா வசனம்? ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்லு, உதடு அசைஞ்சா போதும். மிச்சத்தை டப்பிங் அக்கா பார்த்துப்பாங்க." அப்படியே அவள் காதலைச் சொன்னதும் எண்களில்தான், அப்பா செத்த காட்சியில் கதறியதும் எண்களில்தான். தியேட்டரில் ஜனங்கள் மூக்கைச் சிந்தினார்கள். தேன் குரல் என்று ஒரு பத்திரிகை எழுதியது. அம்மா அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தாள். யாருடைய தேன் என்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

அந்த அக்காவை அவள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். வெற்றி விழாவில், மேடைக்குக் கூப்பிடாதவர்கள் சாப்பிடுகிற பக்கம், கை கழுவுகிற இடத்தில். குள்ளமான பெண். தொண்டையைச் சுற்றி ஒரு சால்வை. "என்னைத் தெரியுதா? நான்தான் உன் வாய்" என்று சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பை அணைத்துவிட்டு, "வாயைக் காலியா வெச்சுக்காதே கண்ணு. நல்லதுக்கில்ல" என்றாள். வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று இவள் கையை உதறிக்கொண்டு வந்துவிட்டாள்.

மூன்றாவது படத்துக்கு ஒற்றைக்காலில் நின்றாள். இந்த முறை என் குரல்தான். தயாரிப்பாளர் முகம் சுளித்தார். ஓடுகிற குதிரைக்கு எதற்கு லாடத்தை மாற்றவேண்டும் என்றார். கடைசியில், ஒரு காட்சி பேசிக் காட்டட்டும், சரிப்படாவிட்டால் இனி அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று முடிவானது. இன்று பிற்பகல் அதற்குத்தான் போகிறாள். தன் குரலில் ஒரு வரியாவது ஊர் கேட்க வேண்டும். அது போதும் அவளுக்கு.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. டப்பிங் தியேட்டரின் கனமான இரண்டு கதவுகளைத் தாண்டியதும் பகலா இரவா என்று சொல்லமுடியாத இருட்டு. ஈரம் உலராத கம்பளத்தின் வாடையும், எத்தனையோ பேர் வாயில் போட்டுக் கரைத்த தொண்டை மிட்டாய்களின் காரமும், மைக்குக்கு முன்னால் கட்டிய வலைத்துணியில் வருஷக்கணக்காகக் காய்ந்த எச்சிலின் மணமும் சேர்ந்து அந்தச் சின்ன அறைக்குள் அடைந்து கிடந்தன. சுவர்கள் சத்தத்தைக் குடித்தன. அவள் தொண்டையைச் செருமினாள். செருமல் உதட்டைத் தாண்டி ஒரு சாண் போய் நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கொளியில் சவுண்ட் இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சோபாவில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா.

"ஆரம்பிக்கலாமா சார்?" என்று மைக்கில் கேட்டாள்.

இன்ஜினியர் சட்டென்று நிமிர்ந்து வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு அசட்டுச் சிரிப்போடு பொத்தானை அழுத்தினார். அவர் பேச்சு ஹெட்ஃபோனில் வந்தது. "அக்காதான் வந்துட்டாங்களோன்னு நினைச்சுட்டேம்மா. எப்படி வருவாங்க, பாவம். தொண்டையில கட்டியாம். ஆபரேஷன் பண்ணதுலேருந்து பேச்சே வரலையாம்."

அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் அதற்கும் முன்னால், கண் இமைக்கும் நேரம், சந்தோஷமாக இருந்தது.

திரையில் அவள் முகம் வந்தது, சுவரை அடைத்துக்கொண்டு. தாலி கட்டப்போகிறவனைப் பார்த்துச் சொல்கிற வரி. "எனக்குன்னு தனியா என்ன ஆசை இருக்கு? உங்க இஷ்டம்தான் என் இஷ்டம்." கடைசியில் ஒரு சிரிப்பு. ஓகே ஆகும்வரை அந்த ஒரு ஷாட்டே திரும்பத் திரும்ப ஓடும்.

பார்த்ததும் அவள் திரைக்கு ஓரடி கிட்டே போனாள். படம் முழுக்க வசனத்தை மனப்பாடம் செய்து சொன்னவள், இந்த ஒரு ஷாட்டில், வெளிச்சம் போகிறது வெளிச்சம் போகிறது என்று டைரக்டர் கத்திய பரபரப்பில், பழைய பழக்கத்துக்குப் போயிருந்தாள். திரையில் அவள் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. ஒண்ணு. ரெண்டு. மூணு. எண்ணுகிற வாய்க்குள் வார்த்தையைச் செருகத் தெரிந்தவள் இந்த ஊரில் ஒருத்திதான்.

இருந்தாலும் பேசினாள். முடிந்தவரை இழுத்து, சுருக்கி, பொருத்தினாள். இன்ஜினியர் அதைத் திரும்ப ஓட்டிக் காட்டினார்.

உதட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது தேன் குரல்.

"சார், இது அக்காவோட பழைய டிராக்."

"என்னம்மா சொல்றீங்க? இப்ப நீங்க பேசினதுதான். அச்சு அசல் அவங்களேதான் போங்க! மிமிக்ரி எல்லாம் வருமா உங்களுக்கு?"

அவருக்குப் பின்னால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல சார், இன்னொரு தடவை" என்றாள். அதுவும் ஹெட்ஃபோனில் தேனாகத்தான் விழுந்தது. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் வேறொரு சத்தமும் கேட்டது. யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம். புண்ணான தொண்டையில், வலியோடு, மெதுவாக.

அவள் விழுங்கவில்லை.

குரலைக் கரகரப்பாக்கிப் பார்த்தாள். கிசுகிசுத்துப் பார்த்தாள். கட்டைக் குரலில் உறுமிப் பார்த்தாள். எல்லாம் தேனாகவே திரும்பி வந்தது, ஒவ்வொரு முறையும் விழுங்கல் இன்னும் கிட்டத்தில் கேட்டது, முதலில் மைக்குக்கு அந்தப் பக்கம், பிறகு ஹெட்ஃபோனுக்குள், பிறகு அவள் நாக்குக்கு அடியில். வாய்க்குள் மருந்து வாடை அடித்தது. ஆஸ்பத்திரி வாடை.

இனிப் பேசப்போவதில்லை என்று முடிவு செய்தாள். பேசினால்தானே? உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். ஷாட் ஓடியது. திரையில் அந்தப் பெரிய வாய் திறந்தது.

அவள் வாயும் திறந்தது.

கடித்திருந்த பல்லிலிருந்து உதடு தானாகக் கழன்றது. தாடையை யாரோ விரலால் கீழே இறக்குவது போலிருந்தது. அம்மா என்று கத்தப் பார்த்தாள். திரையில் அந்தச் சொல்லுக்கு உதட்டசைவு இல்லை; அவள் உதடும் அதற்கு அசையவில்லை.

"உங்க இஷ்டம்தான் என் இஷ்டம்."

"ஓகே!" இன்ஜினியர் கைதட்டினார். "இதான்மா டேக்! தயாரிப்பாளர் உங்க கால்ல விழுந்துடுவார்."

அம்மா சோபாவை விட்டு எழுந்தாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை. சுவரோரம் இருந்த ஸ்பீக்கரிடம் போனாள். அதன் முகத்துணியை, குழந்தையின் கன்னத்தைத் தடவுவது போலத் தடவினாள். பொத்தான் அழுத்தியபடியே இருந்ததால் அவள் பேச்சு ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்டது.

"என் தங்கமே. இப்படிப் பேசறதுக்கு உனக்கு இத்தனை நாளாச்சா?"

"வாங்கம்மா, ஒரு காபி சாப்பிட்டு வந்துடலாம்" என்றார் இன்ஜினியர். "பாப்பாவும் வெளியே வரட்டும்."

அந்தப் பக்கத்து விளக்கு அணைந்தது. கதவு மூடியது. பிறகு இரண்டாவது கதவு.

ஷாட்டை நிறுத்த மறந்திருந்தார்கள்.

அவள் கதவுப் பக்கம் போக நினைத்தாள். வாய் திரையை விட்டு வரவில்லை. வாய் வராமல் தலை வராது. தலை வராமல் கால் எப்படி வரும்? கை மட்டும் அவளுடையதாக இருந்தது. தாடையை இரண்டு கையாலும் பிடித்து மூடினாள். கைகளைத் தள்ளிக்கொண்டு அது திறந்தது.

எனக்குன்னு தனியா என்ன ஆசை இருக்கு.

திரும்பவும்.

எனக்குன்னு தனியா.

சுவரளவு இருந்த அந்த முகம் இப்போது மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது. அதன் உதடுகள் இப்போது எண்ணவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் அழகாக, நிதானமாக, வெகுநாள் ஆசைப்பட்டவள் போலச் சொல்லின. கடைசியில் அது சிரித்தது. அவள் நடித்ததைவிடக் கொஞ்சம் அகலமாக. அடுத்த முறை இன்னும் அகலமாக.

அவள் வாய் அந்த அளவுக்கு ஈடுகொடுத்தது. ஓரங்களில் சூடாக ஏதோ வழிந்தது. மோவாயிலிருந்து மைக்கின் வலைத்துணியில் சொட்டியது.

இருட்டில் தேன் குரல் சிரித்தது.

ஷாட் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.