லார்ச் மரத்தில் தொங்கிய பலகை

ஃபிலோமினா லாட்னர் கதவைத் தட்டியபோது, கால்நடை மருத்துவர் ஸீகலே தன் நண்பர் ஸாங்கர்லின் சமையலறையில் உப்புக்கண்டமும் கறுப்பு ரொட்டியும் தின்றுகொண்டிருந்தார். ஸாங்கர்ல் முப்பது வருடம் அந்த மலை மாவட்டத்தில் காவல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வம்பு வழக்கென்றால் ஊர் இன்னும் அவரிடம்தான் வந்தது. அவர் போகுமிடமெல்லாம் ஸீகலேயும் போனார்.

ஃபிலோமினா தையற்காரி. அண்ணன் இறந்த துக்கத்தில் ஐந்து மாதமாகக் கறுப்பு உடையைக் கழற்றாதவள். மேசைமேல் தடித்த காகிதக் கட்டு ஒன்றை வைத்தாள்.

"அண்ணன் எழுதுனது. நம்ம மாவட்டத்தப் பத்தி, முப்பது ஊரப் பத்தியும். இலையுதிர் காலத்துல அச்சுக்குப் போகுதாம். ஆனா அண்ணன் பேரப் போட மாட்டாங்களாம்."

"ஏன்?" என்றார் ஸாங்கர்ல்.

"தடைப் பலகைய மதிக்காமப் போயி ரெண்டு சாவுக்குக் காரணமானவன் பேரு மாவட்டப் புத்தகத்துல வரக்கூடாதாம்."

விஷயம் ஊரறிந்தது. சனவரி இருபதாம் தேதி காலை, பள்ளி ஆசிரியர் கெப்ஹார்ட் லாட்னர், புத்தகத்தில் எழுத மிச்சமிருந்த முப்பதாவது ஊரான வல்மாட்டுக்கு நடந்து போனார். எட்டரை மணிக்குப் பனிச்சரிவு அவரைப் புதைத்தது. தேடப்போன தச்சர் ரோமெட் இரண்டாவது சரிவில் சிக்கி இறந்தார். பாலத்தருகே லார்ச் மரத்தில் 'வழி மூடப்பட்டது' என்ற பலகையைக் காலை ஏழு மணிக்கே மாட்டிவிட்டதாக வழிக்காவலர் செரஃபின் சொன்னார். அதற்குப் பிறகு தச்சரின் மனைவி, ஃபிலோமினாவைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனாள்.

"அண்ணன் அப்படிப் போற ஆளில்ல ஐயா. செரஃபின் பலகைய மாட்டலன்னா வழி நல்லா இருக்குன்னு அர்த்தம், அவர் கண்ணு என் கண்ண விட நல்ல கண்ணும்பாரு."

ஸீகலே தொண்டையைச் செருமினார். "கோவிச்சுக்காதம்மா. தேடப்போன கூட்டத்துல நானும் இருந்தேன். பத்து மணிக்குப் பாலத்துக்கிட்ட வந்தப்பவே பலகை கண்ணுல பட்டுது. நாப்பதடி தூரத்துலேருந்து சிவப்பெழுத்து பளிச்சுன்னு தெரிஞ்சுது. நானே படிச்சேன்."

"பளிச்சுன்னா?" என்று கேட்டார் ஸாங்கர்ல். காகிதக் கட்டைப் பிரித்தார்.

முதல் பக்கம் இப்படித் தொடங்கியது: 'இம்மாவட்டத்தின் பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு பாறையும் பனியும் காடும் புல்வெளியும். மிச்சமுள்ள ஒரு பங்கில்தான் நாம் வாழ்கிறோம், சண்டையிடுகிறோம்.' பின்னர் கணவாய்கள், ஓடைகள், ஊருக்கு ஊர் வீடுகளின் எண்ணிக்கை. எதுவும் செவிவழிச் செய்தி அல்ல. எந்தக் கோபுரத்துக்கு எத்தனை படி என்று ஏறி எண்ணியிருந்தார் மனிதர்.

"இந்த மாதிரி ஆளு கையில எப்பவும் குறிப்பேடு இருக்குமே?"

ஃபிலோமினா பையிலிருந்து ஈரத்தில் ஊதிப் பின் காய்ந்துபோன ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தாள். "பனி உருகினப்ப தோள்பையோட கெடைச்சுது. பென்சில் எழுத்து, அழியல. மரம், மட்டைன்னுதான் இருக்கு. என்னால முழுசாப் படிக்க முடியல ஐயா. அவரு குரல்லயே கேக்குது."

கடைசிப் பக்கத்தை ஸாங்கர்ல் உரக்கப் படித்தார். தேதி இல்லை. 'பாலம். எட்டு மணி பத்து நிமிடம். ஈரப்பனி, மேற்குக் காற்று. லார்ச் மரம், மார்பளவு உயரத்தில் சுற்றளவு மூன்று மீட்டர் நாற்பது. நாடாவைச் சுற்றப் பட்டையில் அப்பியிருந்த பனியைத் துடைக்க வேண்டியிருந்தது. துடைத்த இடத்தில் நான்கு பழைய ஆணித்துளைகள். வல்மாட்டில் சாவுமணி அடிக்கிறது. யாரோ, பாவம்.'

ஸீகலே துள்ளி எழுந்தார். "யாரோ பலகையத் திருடிட்டுத் திரும்ப மாட்டியிருக்கான்! ஆசிரியருக்கு எதிரி யாரு?"

"உக்காருங்க டாக்டர். வல்மாட்டுல இந்தக் குளிர்காலத்துல சாவுமணி எத்தன தடவ அடிச்சுது?"

"ஒரே தடவ. கிழவர் காஸியானுக்கு. ஆசிரியர் போன அன்னிக்குக் காலைலதான்…" ஸீகலேயின் குரல் தேய்ந்தது.

"அப்ப நாள் தெரிஞ்சிருச்சு. வாங்க, மரத்துக்கிட்டயே போயிப் பேசுவோம்."

மறுநாள் முற்பகல் பாலத்தடியில் ஓடை நுரைத்து ஓடியது. வழிக்காவலர் செரஃபின் வீடு அங்கேயேதான் இருந்தது. அகன்ற தோள்களும் கூனிய முதுகுமாக வந்தவர், கறுப்பு உடையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். ஃபிலோமினா கொண்டுவந்த அளவு நாடாவை ஸாங்கர்ல் மரத்தைச் சுற்றிப் பிடித்தார். பலகையை மாட்டும் நான்கு ஆணித்துளைகளின் மீதே அது படிந்தது.

"மூணு மீட்டர் நாப்பது," என்றார். "செரஃபின், பலகை இங்க தொங்கிக்கிட்டிருந்தா இந்த எடத்துல நாடா மரத்தோட ஒட்டாது. துளையையும் பாத்திருக்க முடியாது. எட்டு பத்துக்கு ஆசிரியர் ரெண்டையும் செஞ்சிருக்காரு."

"அதுக்கு முன்னால எவனாவது கழட்டியிருந்தா?" ஸீகலே இன்னும் விடவில்லை.

"அதுக்குப் பதில் நீங்கதான் டாக்டர் சொன்னீங்க. எட்டு பத்துக்கு மரப்பட்டையில அந்தத் துளை மேலயே பனி அப்பியிருந்துது, காலைலேருந்து அங்க எதுவும் மாட்டியிருக்கல. அன்னிக்குப் பனி எப்ப விட்டுது?"

"ஒம்பது மணிக்கு."

"பத்து மணிக்கு அதே பக்கம் தொங்குன பலகையில எழுத்து பளிச்சுன்னு இருந்துது. பொட்டுப் பனி கூட இல்ல. யார் கழட்டினாங்க, மாட்டினாங்கங்கிறது பேச்சே இல்ல. பலகை மரத்துக்கு வந்ததே ஒம்பது மணிக்கு மேல."

ஸீகலே பார்வையை ஓடைப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆசிரியரைக் குற்றவாளியாக்க ஊரெல்லாம் தானே சொல்லித் திரிந்த சாட்சியம் அது.

செரஃபின் மறுக்கவில்லை. மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

"ஆறு மணிக்கு என் சம்சாரம் வால்புர்காவுக்குப் பிரசவ வலி கண்டுச்சு. ஒரு மாசம் இருந்துச்சு இன்னும். அந்தப் பனியில மருத்துவச்சி எப்படி வருவா? நான் ஒருத்தன்தான். பலகை ஞாபகம் வந்துச்சு ஐயா, வரலன்னு சொல்ல மாட்டேன். அவ கையப் பிடிச்சிருந்தா, விடல. எட்டரைக்குப் பொறந்துச்சு. மூச்சு இல்ல. அப்பத்தான் மலை எறங்குற சத்தம் கேட்டுச்சு."

செரஃபின் மரத்திலிருந்து கையை எடுத்துத் தொப்பியைக் கசக்கினார்.

"அப்புறம் பலகையத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். யாரும் போயிருக்க மாட்டாங்கன்னு சொல்லிக்கிட்டே ஆணி அடிச்சேன். ரோமெட்டையும் சேத்து எடுத்ததுக்கு அப்புறம் வாயே தொறக்க முடியல. அந்தப் பழிய இறந்த மனுசன் சுமக்கட்டும்னு விட்டுட்டேன். ஞாயித்துக்கெழம கோயில் வாசல்ல எல்லார் முன்னாலயும் சொல்றேன். அதுக்கு முன்னால ரோமெட் வீட்டுல போயிச் சொல்றேன். வேலை போனா போகட்டும்."

ஃபிலோமினா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்துவிடுவாளோ என்று ஸீகலே ஓரடி முன்னால் வந்தார்.

"புள்ளைய எங்க பொதைச்சீங்க?" என்று கேட்டாள்.

"கல்லறைச் சுவருக்கு வெளியில. ஞானஸ்நானம் ஆகலேல்ல. மணி கிணி எதுவும் கெடையாது. பதிவேட்டுலயும் எழுதல."

"பேரு?"

செரஃபின் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இது வரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா. நாங்க ரெண்டு பேரும் அகதான்னு கூப்பிடுறோம்."

ஃபிலோமினா அவர் வீட்டை நோக்கி நடந்தாள். உள்ளே வால்புர்கா இருந்தாள். பின்னால் போகப் பார்த்த ஸீகலேயின் சட்டைக்கையை ஸாங்கர்ல் பிடித்து நிறுத்தினார். இருவரும் பாலச்சுவரில் உட்கார்ந்து வெகுநேரம் காத்திருந்தார்கள்.

செரஃபின் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பேசினார். தச்சரின் மனைவி அவரை மன்னிக்கவில்லை. ஆனால் அன்று மாலை ஃபிலோமினாவின் வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலே அழுதுவிட்டுப் போனாள்.

இலையுதிர் காலத்தில் புத்தகம் கெப்ஹார்ட் லாட்னரின் பெயரோடு வந்தது. எழுதாமல் நின்ற வல்மாட் அத்தியாயத்தைத் தங்கையே முடித்திருந்தாள். ஸீகலே கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பத்தியைப் படித்தார்: 'அந்தக் குளிர்காலத்தில் வல்மாட்டும் வல்மாட் வழியும் இழந்தவர்கள் நால்வர். காஸியான், விவசாயி. கெப்ஹார்ட், ஆசிரியர். ரோமெட், தச்சர். அகதா, செரஃபின் வால்புர்கா தம்பதியின் மகள்.'

நான்காவது பெயரை நீக்கச் சொல்லிப் பாதிரியார் இரண்டு கடிதம் எழுதினாராம். ஃபிலோமினா பதில் போடவில்லை.