பச்சைக் கதவு திறந்தே இருக்கிறது

வாசற்படிக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. கிடந்தது என்று சொல்வதுகூடப் பொருந்தாது, வைக்கப்பட்டிருந்தது. இரண்டின் முனைகளும் வீட்டை நோக்கியபடி, ஒன்றையொன்று ஒட்டி, பெரியவர் ஒருவரின் முன்னால் கைகட்டி நிற்பதுபோல் இருந்தன. இடது செருப்பின் அறுந்த வாரை யாரோ வெள்ளை நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தார்கள். இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. அந்த ஊரில் மழை பெய்து நெடுநாளாகியிருந்தது.

வெண்கலம் அவற்றைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தம் செருப்பின் நுனியால் சாக்கடைப் பக்கம் தள்ளிவிட்டார்.

வெண்கலம் என்பது ஊரார் அவர் குரலுக்கு வைத்த பெயர். தண்ணீர் வராத நாள், மின்சாரம் நிற்கும் நேரம், துணிக்கடையின் தள்ளுபடி, யாருடைய தகப்பனார் காலமானார் என்ற செய்தி, எல்லாமே அந்தச் சிறு நகரத்தின் காதுகளை அவர் குரல் வழியாகத்தான் சென்றடைந்தன. வீட்டின் பின்னறையில் அவர் பதிவு செய்து கொடுப்பார்; ஒலிபெருக்கி கட்டிய வண்டி அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோகும். ஊர் அவரை மதித்தது. அவர் ஊரை மதிக்கவில்லை. மூன்று முறை அறிவித்த பிறகும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘என்ன சொல்லிட்டுப் போறான்?’ என்று கேட்கிற ஜனம்; உயிரோடிருந்தவரை ஒரு நல்ல வார்த்தைக்கு வழியில்லாத கிழவனுக்கு, செத்த பிறகு ‘பாசமிகு’ என்று சேர்க்கச் சொல்லுகிற ஜனம். இவர்களுக்காகத் தம் தொண்டையைத் தினமும் வருத்திக்கொள்வது வீண் என்று அவர் முடிவு செய்து பல காலமாகிவிட்டது. ‘காலமானார்’, ‘காணவில்லை’, ‘அனைவரும் வருக’ என்று ஒருமுறை பேசிவைத்த துண்டுகள் கணினியில் இருந்தன. வேண்டியதை எடுத்து ஒட்டிக் கொடுப்பதோடு சரி. இறப்புச் செய்திகளுக்கு முன்னால் ஒரு பெருமூச்சு வரும். கேட்டவர் கண் கலங்கும் பெருமூச்சு. அதுவும் ஒரு துண்டுதான். நன்றாகச் சாப்பிட்ட ஒரு மதியத்தில் பதிவு செய்தது.

“யாராவது வந்தாங்களா?” என்று உள்ளே வந்ததும் மனைவியிடம் கேட்டார்.

“யாரும் வரலயே. ஏங்க?”

“வாசல்ல எவனோ செருப்பை விட்டுட்டுப் போயிருக்கான். வெறுங்காலோட நடக்கறோம்னுகூடத் தெரியாத ஊரு.”

மனைவி சிரித்தாள். வருகிறவர் எவரானாலும் முகம் மலர்ந்து வரவேற்கும் சுபாவம் அவளுக்கு. விற்பனைக்கு வருபவர்களைக்கூட உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்புவாள். வெண்கலத்தின் பின்னறையிலோ வருபவர்களுக்கென்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது. உட்கார்ந்தால் ஊர்க்கதை பேசுவார்கள் என்பது அவருடைய கட்சி. சொல்ல வேண்டியதை நின்றபடியே சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மறுநாள் மாலை, செருப்பு மேல்படியில் இருந்தது.

அதே நேர்த்தி. அதே ஈரம். இம்முறை ஒரு வாடையும் இருந்தது. பாசி படிந்த தொட்டியை நெடுநாள் கழித்துத் திறக்கும்போது எழுவதைப் போன்ற, சேறும் இலையும் சேர்ந்து அழுகிய, குளிர்ந்த வாடை. அதை அவர் ஒரு குச்சியால் தூக்கி எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியின் பின்னால் எறிந்தார். தெருப் பிள்ளைகளின் குறும்பு என்று சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்ட பிறகும், கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார்.

அதற்கு அடுத்த மாலை, வெளிச்சம் மங்கத் தொடங்கிய வேளையில், வண்டிக்காரர் வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார்.

“உள்ள யாராவது வந்திருக்காங்களாண்ணே? அப்புறமா வரட்டுமா?”

“யாரும் இல்ல. ஏன்?”

“செருப்பு இருக்கே.”

பச்சை வண்ணம் பூசிய கதவின் நிலைப்படியை முனைகள் தொட்டுக்கொண்டிருக்க, அது அங்கே இருந்தது. வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார்.

“ஒரு தப்பு நடந்துபோச்சுண்ணே. கோவிச்சுக்கக் கூடாது.”

“நீ தப்பு பண்ணாத நாளைச் சொல்லு, அதை வேணா அறிவிப்பாப் போடலாம்.”

“அந்தத் தையல்காரம்மா வீட்டுக்காரரு செத்ததுக்கு ஒண்ணு பண்ணிக் கொடுத்தீங்கள்ல? அதுக்கு முன்னாடி போட்ட காணவில்லை அறிவிப்பை நான் அழிக்கவே இல்லண்ணே. ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு தானா ஓடியிருக்கு. நாள் முழுக்க. ‘காலமானார்’னு சொல்லுது, உடனே ‘ஐயா, வீட்டுக்கு வாங்க, உள்ள வாங்க’ன்னு கூப்பிடுது. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் கேட்டுட்டுச் சிரிச்ச பிறகுதான் எனக்கே உறைச்சுது.”

“சிரிச்சானா? சிரிக்கட்டும். அவனுக்கு வேற என்ன வேலை?”

“அது இல்லண்ணே.” வண்டிக்காரர் குரலைத் தாழ்த்தினார். “அதுல விலாசம் உங்க வீட்டு விலாசம்தானே போயிருக்கு.”

வெண்கலத்துக்கு அந்தத் தையல்காரப் பெண்மணி நினைவுக்கு வந்தார். பின்னறையில், நின்றபடி, கழுத்தில் தொங்கும் அளவுநாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தவர்.

“அவருக்கு ஞாபகம்தான் சார் போச்சு, மரியாதை போகல” என்று அன்று அந்த அம்மாள் சொன்னார். “எந்த வாசலா இருந்தாலும் செருப்பைக் கழட்டி வச்சிட்டு, ‘உள்ள வரலாமா?’ன்னு கேட்டுட்டு நிப்பாரு. சொந்த வீட்டுலயே அப்படித்தான். யாராவது ‘வாங்க’ன்னு சொன்னாத்தான் காலை எடுத்து வைப்பாரு. சொல்லலன்னா நின்னுக்கிட்டே இருப்பாரு, பாவம். அதனால, ‘கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க’ன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிடுங்க சார். உங்க குரல்னா அவருக்கு உயிரு. நீங்க கூப்பிட்டா எங்க இருந்தாலும் வந்துடுவாரு.”

“அம்மா, இது காணாமப் போனவர் அறிவிப்பு. கல்யாண அழைப்பு இல்ல.”

இருந்தாலும் அந்த வரியைப் பேசினார். பேசினால்தான் அந்த அம்மாள் அறையை விட்டுப் போவார் என்று தோன்றியது. மற்றதெல்லாம் பழைய துண்டுகள். விலாசத்துக்கான இடத்தில் முன்பு எப்போதோ சோதனைக்காகத் தம் வீட்டையே சொல்லிவைத்திருந்தார்: தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, பச்சைக் கதவு வீடு. அதை மாற்ற மறந்தார். முடித்ததைப் போட்டுக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. இந்த ஊருக்கு அது போதும்.

இரண்டாம் நாளே அந்த அம்மாள் மூச்சிரைக்க வந்து நின்றார். “சார், விலாசம் மாறிப்போச்சு. உங்க வீட்டைச் சொல்லுது.”

“அதனால என்ன? இங்கயே வரட்டும். வந்தா நான் பார்சல் கட்டி அனுப்பி வைக்கறேன்.”

மாற்றித் தரவில்லை. ஊருக்கு வெளியே பழைய கல்குவாரியில் தேங்கிய தண்ணீரில் பெரியவர் மிதந்த செய்தி வந்தபோது, அவர் செய்ததெல்லாம் பெருமூச்சுத் துண்டைத் தேடி எடுத்து முன்னால் ஒட்டியதுதான்.

“கரையெல்லாம் தேடியும் அவரு செருப்பு மட்டும் கிடைக்கலையாம்ணே” என்றார் வண்டிக்காரர். சொன்ன பிறகு, தம் காலடியில் இருந்ததைப் பார்த்தார். வெள்ளை நூல் தையல். சீரான, கைதேர்ந்த தையல். “நான் நாளைக்கு வரேண்ணே” என்றார். வண்டி கிளம்பிய வேகத்தில் ஒலிபெருக்கி ஒருமுறை கொரகொரத்து அடங்கியது.

வெண்கலம் கதவைச் சாத்தித் தாழிட்டார். காலையிலிருந்து இரவுவரை திறந்தே கிடக்கும் கதவு அது. தாழ்ப்பாள் துருவேறி முனகியது.

“என்னங்க, இந்நேரத்துக்கே சாத்திட்டீங்க? உள்ள காத்தே வராதே” என்று அடுப்படியிலிருந்து வந்த மனைவி அவரைப் பார்த்து நின்றாள். “முகம் ஏன் இப்படி இருக்கு?”

சொல்லியிருக்கலாம். யாராவது வாசலில் வந்து கேட்டால் ‘வாங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதே. அவ்வளவுதான். ஒரே வாக்கியம், அது நாக்கின் நுனிவரை வந்தது. வந்த வாக்கியத்துக்குப் பின்னால், மதிலுக்கு அப்புறம் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரியின் முகம் வந்தது. இவள் அவளிடம் சொல்வாள். அவள் தெருவிடம் சொல்வாள். வெண்கலத்துக்குப் பேய்ப் பயமாம் என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவன் சிரிப்பான்.

“உனக்குச் சொன்னாப் புரியாது. போய் வேலையைப் பாரு.”

பின்னறைக்குள் போனார். கூப்பிட்டது இந்தக் குரல் என்றால், வேண்டாம் என்று சொல்லவும் இந்தக் குரலால் முடியும். அதை வண்டியில் ஓடவிட்டால் போதும். அறையின் நான்கு சுவர்களிலும் கதவின் உட்புறத்திலும் கறுத்த பஞ்சு ஒட்டியிருந்தது. உள்ளே கத்தினால் வெளியே கேட்காது. வெளியே நடப்பதும் வெறுங்காதுக்கு எட்டாது. மைக்குக்கு மட்டும் எட்டும். கதவிடுக்கின் வழியே நுழையும் கரண்டிச் சத்தத்தைக்கூட அது பிடித்துவிடுகிறது என்று மனைவியை அவர் திட்டாத நாளில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைத் தொடங்கினார். சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஐயா,” என்றார். “இது உங்கள் வீடு இல்லை. நீங்கள் இங்கே வர வேண்டாம்.”

தம் குரலைத் தாமே கேட்டார். நெடுநாளுக்குப் பிறகு. அதில் வேண்டுகோள் இல்லை. வாசலில் நிற்கும் ஒருவனை விரட்டும் தொனிதான் இருந்தது. மீண்டும் முயன்றார். மீண்டும் அதே தொனி. கெஞ்ச அந்தத் தொண்டைக்குத் தெரியவில்லை. எல்லாத் துண்டுகளும் இருந்தன. அந்தத் துண்டு இல்லை.

ஹெட்போனில் சமையலறை கேட்டது. பாத்திரம் வைக்கும் ஓசை. குழாயை மூடும் ஓசை. பிறகு மனைவியின் காலடி, கூடத்தைக் கடந்து முன்பக்கம் போவது. காற்று வரவில்லை என்றாளே. தாழ்ப்பாளின் முனகல்.

பிறகு சொட்டு. ஒரு சொட்டு. இடைவெளி. இன்னொரு சொட்டு.

பிறகு ஒரு கிழக் குரல். மிகப் பணிவாக. வெகு நேரம் காத்திருந்தவரின் குரல்.

“உள்ள வரலாமா?”

“வேண்டாம்!” என்று வெண்கலம் அலறினார். “சொல்லாதே! வாங்கன்னு சொல்லாதே!”

அலறலைப் பஞ்சு குடித்தது. அவர் காதுக்குள் மட்டும் அது வெடித்து, இரைந்து, ஓய்ந்தது. ஓய்ந்த இடத்தில் மனைவி. முகம் மலர்ந்திருப்பது குரலிலேயே தெரிந்தது.

“அடடே, வாங்க, வாங்க. கதவு திறந்துதானே இருக்கு, கேக்கணுமா? அவரு பின்னாடி ரூம்லதான் இருக்காரு.”

எழுந்தார். இரண்டே எட்டில் கதவை அடைந்தார். திறந்து அவளிடம் ஓட வேண்டிய கை, தாழ்ப்பாளைப் போட்டது. உள்தாழ்ப்பாள். இறுக்கமாக. ஹெட்போனின் கம்பி கழுத்தை இழுக்க, அங்கேயே நின்று கேட்டார்.

“இருங்க, குடிக்கத் தண்ணி கொண்டு வரேன். ஐயையோ, என்ன இது, இப்படி நனைஞ்சு—”

அவ்வளவுதான்.

கரண்டி இல்லை. காலடி இல்லை. மூச்சு இல்லை. சொட்டு மட்டும். கூடத்தில். பிறகு சமையலறையோரம். பிறகு, கதவுக்கு மிக அருகில்.

பிறகு அதுவும் நின்றது.

வெண்கலம் பின்னால் நகர்ந்தார். நாற்காலி முழங்காலின் பின்புறம் இடித்தது. உட்கார்ந்தார். கதவையே பார்த்தார். தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு திறக்கவில்லை. அதை அவர் சத்தியம் செய்து சொல்வார். கண்ணை ஒரே ஒருமுறை இமைத்தார்.

கதவுக்கு உட்புறம், அவருடைய வீட்டுச் செருப்புக்குப் பக்கத்தில், இன்னொரு ஜோடி. நேராக. ஒட்டி. முனைகள் அவரை நோக்கி. வெள்ளை நூலின் வழியே நீர் கசிந்து தரையில் பரவியது. அந்த நீரிலிருந்து வெறும் பாதங்களின் ஈரத்தடம் புறப்பட்டு, மேசையைச் சுற்றி, நாற்காலியின் பின்புறம் போய் முடிந்திருந்தது. திரும்பி வரவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஹெட்போனில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அவருடைய பெருமூச்சு. கேட்டவர் கண் கலங்கும் பெருமூச்சு. அதை அவர் ஓடவிடவில்லை. அது கணினியிலிருந்தும் வரவில்லை. அவர் பிடரியில் குளிர்ந்து, பாசி வாடையோடு, படர்ந்தது.

வருபவர்களுக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது.

வந்தவர் நின்றுகொண்டிருந்தார்.