விண் கூவிய அறை

உணர்விழந்து கிடந்த இடக் கையின் விரல்கள் மட்டும், எதையோ நழுவவிடாமல் பிடித்திருப்பதுபோல் மடிந்திருந்தன. கேதீஸ்வரி அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டுப் போனாள். ஈரத்துணியோடு திரும்பியபோது அவை மறுபடி மடிந்திருந்தன.

ஒன்பது வயது மகள் தர்சினிக்கு ஒற்றைத் தலையிடி வந்தால் இடப் பக்கம் முழுவதும் சோர்ந்துவிடும். சிறுபிள்ளைகளுக்கு அரிதாக வருவது, சற்று நேரத்தில் கை திரும்பிவிடும், திரும்பாவிட்டால் தாமதியாமல் கொண்டுவாருங்கள் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இன்று விடியலில் விழுந்த கை மதியமாகியும் திரும்பவில்லை. ஆனால் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கும் நாளும் இன்றுதான்; அதுதான் கேதீஸ்வரியின் சந்தேகம்.

யன்னல்களை அடைத்து, வெளிச்சம் கண்ணைக் குத்தாதபடி சேலையும் தொங்கவிட்ட அந்த அறைக்குள், தைலத்தின் காரத்தையும் வல்வெட்டித்துறைக் கடலின் உப்பு வாடையையும் ஊடுருவிக்கொண்டு, கேதீஸ்வரியின் தம்பி சிவதர்ஷன் பனையில் கட்டிவிட்டிருந்த பெரும்பட்டத்தின் விண், காற்றில் ஒலிக்கும்படி வில்லில் இழுத்துக் கட்டிய நார், இரவெல்லாம் கூவியதுபோலவே இப்போதும் ஒரே சுருதியில் கூவிக்கொண்டிருந்தது.

"அம்மா, விண் இழுக்குது."

"நடிக்காதை பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிக்க உது நல்ல வழி."

சொல்லிக்கொண்டே இடக் கையை நுள்ளினாள். தோல் சிவந்தது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அவளுடைய சந்தேகம் பிள்ளையை விட்டு யன்னலுக்கு வெளியே திரும்பியது. குசினி அடுப்படிக்குப் போய்த் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஓட்டோவைக் கொண்டு வா, ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். முதல்லை உந்தப் பட்டத்தை இறக்கு. உதின்ரை சத்தம்தான் பிள்ளையை வதைக்குது."

"எந்தப் பட்டம், அக்கா? அது விடியவே அறுந்து கடலுக்கை போட்டுது. இப்ப ஓலை ஆடக்கூடக் காத்தில்லை. உங்களுக்கும் தலையிடி தொத்திட்டுதோ?"

"அப்ப கூவுறது என்னடா?"

அவன் சிரிப்பு நின்றது. "நான் வாறன். பிள்ளையைத் தனிய விடாதேங்கோ."

அவள் முற்றத்துக்கு ஓடினாள். பனை அசையவில்லை. வானம் வெறுமையாக இருந்தது. வெளியே சத்தமே இல்லை.

அறைக் கதவைத் திறந்தாள்.

விண் கூவியது.

இடக் கை செங்குத்தாக நின்றது. ஒரு கரண்டியைத் தூக்க இயலாத கை. மணிக்கட்டைச் சுற்றி நூல் அறுத்த சிவந்த பள்ளம். மேலே ஒன்றுமில்லை. ஆயினும் கை விட்டுவிட்டுச் சுண்டியது.

தர்சினியின் கண்கள் மூடியிருந்தன. வலக் கை கட்டிற் சட்டத்தைப் பற்றியிருந்தது. நகங்கள் வெளிறும்வரை.

குதிகால்கள் மெத்தையை விட்டு மேலெழுந்து நின்றன.